எஞ்சின் உட்காரும் இடம்

ஏற்காட்டு எஸ்டேட் ஜீப் ஒன்றின் வயதை ஆர்.சி. புத்தகம் பாதிதான் சொல்லும். மீதியைப் பானட்டைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சேசிஸ் 1950களில் வந்ததாக இருக்கும். எஞ்சின் 1980களின் பூஜோ டீசலாக இருக்கும். கியர் பாக்ஸ் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கும். இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்ததாக இருக்கும். வண்டி செய்த கம்பெனிகளுக்கெல்லாம் வரலாறு உண்டு. அந்தத் தகட்டுக்கும், எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் வரலாறு எழுதப்படவில்லை. ஏற்காடு ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்து அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தத் தொழில் ஏன் தழைத்தது என்பதற்குக் காரணம் காப்பிதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு மலை முழுக்க எஸ்டேட்டுகள் வந்தன. சேலத்திலிருந்து ஏறும் தார்ச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அது நல்ல சாலை. நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட்டுக்குள் இறங்கும் பாதைகள் அப்படியல்ல. மழை பெய்தால் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் அங்கே போகும். இரண்டாம் உலகப்போர் முடிந்து, ராணுவம் கழித்த வில்லிஸ் ஜீப்புகள் நாடெங்கும் விற்பனைக்கு வந்தன. பின்னாலேயே மஹிந்திரா கம்பெனி பம்பாயில் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. தோட்டக்காரர்கள் அந்த வண்டியை விட்டு இறங்கவே இல்லை. என் அப்பா நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். அதனால் எனக்கு நடை பழகிய காலத்திலேயே பெட்ரோல் வாசனை பழகிவிட்டது.

வில்லிஸ் எஞ்சின் நல்ல எஞ்சின். 2199 சி.சி., நாலு சிலிண்டர், 60 குதிரைத் திறன். கீழ்வேகத்தில் அது இழுக்கிற இழுவையை இன்றைக்கும் ரசிப்பேன். ஆனால் மேடேறும்போது பெட்ரோலைக் குடிக்கும். டீசல் விலை பெட்ரோல் விலையைவிட வெகுவாகக் குறைந்திருந்த காலத்தில், நாள் முழுக்க மேடும் பள்ளமுமாக ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல் ஊற்ற எந்த எஸ்டேட்டும் விரும்பவில்லை. புது டீசல் ஜீப் வாங்கப் பணம் வேண்டும். பழைய சேசிஸோ இரும்புத் தரத்தில் குறையில்லாமல் நிற்கிறது. ஆகவே எஞ்சினை மட்டும் மாற்றினார்கள்.

இது எங்கள் ஊர்க்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை என்று சொல்ல மாட்டேன். 1932இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ ஊரில் பிராங்க் பெர்க்கின்ஸ் கம்பெனி தொடங்கியதே இதற்காகத்தான். லாரியிலும் வேனிலும் இருந்த பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அதே இடத்தில் வைக்கக்கூடிய, வேகமாகச் சுழலும் டீசல் எஞ்சின் செய்வது அவர் நோக்கம். 1937இல் அவர் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் பி6 எஞ்சினைப் பின்னாளில் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி தயாரித்தது. தமிழ்நாட்டில் எஞ்சின் மாற்றத் தெரிந்த முதல் தலைமுறை மெக்கானிக்குகள் லாரிப் பட்டறைகளில் இந்த எஞ்சினைத் தூக்கி வைத்துப் பழகியவர்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியும் சேலம் லாரிப் பட்டறையிலிருந்து வந்தவர்தான்.

ஜீப்புக்கு வந்த எஞ்சின்களில் மூன்று முக்கியம். முதலாவது, இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த 2350 சி.சி. டீசல். மஹிந்திராவே இதைத் தன் ஜீப்புகளில் வைத்து விற்றது. உழவுக்குப் பிறந்த எஞ்சின் என்பதால் சுழற்சி குறைவு, கனம் அதிகம். முன் ஸ்பிரிங் பட்டையில் ஒன்றைக் கூட்டாமல் வைத்தால் மூக்கு இறங்கிவிடும். இரண்டாவது, பூஜோ எக்ஸ்.டி.பி. 4.90. பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மி.மீ. விட்டம். பிஸ்டன் 83 மி.மீ. ஏறி இறங்கும். கணக்குப் போட்டால் 2112 சி.சி. வரும். 1980களில் எம்.எம். 540 ஜீப்போடு இது வந்த பிறகு, விபத்தில் சிதைந்த வண்டிகளின் எஞ்சின்களுக்கு எஸ்டேட்காரர்கள் முன்பணம் கொடுத்துக் காத்திருந்தார்கள். மூன்றாவது, மட்டடோர் வேனின் டீசல் எஞ்சின். அது ஜீப்பைவிட அம்பாசிடர் காருக்குத்தான் அதிகம் போயிற்று. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொடுத்த 1489 சி.சி. டீசலுக்கு 37 குதிரைத் திறன்தான். ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறுவதற்குள் பின்னால் பஸ் வரிசை கட்டிவிடும்.

எஞ்சின் மாற்றுவதென்றால் சக்தியுள்ள எஞ்சினைத் தேடுவதுதான் பெரிய வேலை என்று வண்டிக்காரர்கள் நினைப்பார்கள். மேஸ்திரி அதை ஒப்பமாட்டார். "எஞ்சின் கெடைச்சிரும் தம்பி. அது உக்கார்ற எடத்தை நாமதான் கண்டுபிடிக்கணும்" என்பார். அவர் எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பு கியர் பாக்ஸைத்தான் பார்ப்பார். கியர் லீவர் வரும் ஓட்டை, நாலு சக்கர இழுவை மாற்றும் லீவர்கள், பின்னால் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் நீளம் எல்லாமே கியர் பாக்ஸ் நிற்கிற இடத்தைப் பொறுத்தவை. அதை நகர்த்தினால் பத்து வேலை கூடும். ஆகவே கியர் பாக்ஸ் பழைய இடத்திலேயே நிற்கும். புது எஞ்சின்தான் அதைத் தேடி வந்து சேர வேண்டும்.

சேர்வதற்குத்தான் அந்தத் தகடு. அடாப்டர் பிளேட் என்போம். ஒரு முகத்தில் எஞ்சினின் போல்ட் ஓட்டைகள், மறு முகத்தில் பெல் ஹவுசிங்கின் ஓட்டைகள். ஓட்டைகளைப் பொருத்துவது எளிது. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் வருவதுதான் கடினம். மேஸ்திரி ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பூட்டி, கையால் மெல்லச் சுற்றி, ஹவுசிங்கின் உள்வட்டத்தை முள் காட்டுகிறபடி பார்ப்பார். முள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடினால் தகடு திரும்பவும் லேத்துக்குப் போகும். இதைப் பார்க்காமல் பூட்டிய வண்டி முதல் மாதம் ஓடும். பிறகு பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கிழியும், கடைசியில் மேட்டில் டாப் கியர் தானாகக் கழன்று வரும். வண்டிக்காரர் கியர் பாக்ஸைத் திட்டுவார். குற்றம் தகட்டில் இருக்கும்.

அடுத்தது தொங்கவிட்டுப் பார்ப்பது. முக்காலியில் செயின் புளாக் மாட்டி, எஞ்சினைக் கியர் பாக்ஸோடு பூட்டி, முன்பக்கத்தை மட்டும் சங்கிலியில் விட்டுவிடுவோம். இந்த நிலையில்தான் மேஸ்திரி நாள் கணக்கில் வண்டியைச் சுற்றி வருவார். ஜீப்பின் முன் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். குழியில் விழும்போது அது மேலே ஏறி வரும். அப்போது ஆயில் சம்ப்பில் இடிக்கக்கூடாது. அதற்காக எஞ்சினை உயர்த்தினால் ஃபேன் ரேடியேட்டரின் நடுவை விட்டு விலகும், பானட் மூடாது. பக்கவாட்டில் தள்ளினால் சைலன்ஸர் குழாய் ஸ்டியரிங் தண்டைத் தொடும். எஞ்சினின் வால் பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். இழுவையை முன்பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முகமும் பின் அச்சின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் யூ-ஜாயின்ட்டுகள் அதிராது. இத்தனையும் ஒத்துவந்த பிறகுதான் பிராக்கெட்டுக்கு அட்டையில் மாதிரி வெட்டுவோம்.

இரும்பில் வெட்டிய பிராக்கெட்டுக்கு முதலில் பொட்டு வெல்டிங் மட்டும். எஞ்சினை இறக்கிவிட்டு, அளவை மறுபடி பார்த்துவிட்டு, முழு வெல்டிங். சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டிங் ஓட்ட மேஸ்திரி விடமாட்டார். சட்டம் வளையும்போது விசையை அதிகம் வாங்குவது அந்த விளிம்புகள்தான், சூடுபட்ட இடத்தில் விரிசல் பிறக்கும் என்பார். நெஞ்சுப் பகுதியில் மட்டும் பற்றவைத்து, பட்டை கொடுத்துத் தாங்குவோம். இந்த மலையில் மவுண்டிங்கின் நியாயம் சமவெளியில் போலில்லை. ஜீப்பில் முதல் கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்வீதமும் சேர்ந்தால் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 7 மடங்காகிறது. அத்தனையும் எஞ்சினைப் பக்கவாட்டில் புரட்டப் பார்க்கும். அதைத் தாங்குபவை இரண்டு முன் ரப்பர்களும் கியர் பாக்ஸுக்கு அடியில் இருப்பதும்தான். வில்லிஸ்காரர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். எஞ்சின் முன்னும் பின்னும் நகராமல் இருக்க ஒரு சிறிய கம்பி வடத்தைக் கட்டியே அனுப்பினார்கள். எஞ்சின் மாற்றிய பலர் அதைத் தேவையில்லை என்று கழற்றி வீசினார்கள். மேஸ்திரி ஒருபோதும் வீசவில்லை.

மலைக்கென்று வேறு சில கணக்குகளும் உண்டு. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெலிவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் சரியாக ஓடிய ரேடியேட்டர், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் ஆவி கக்கும். பழைய ஜீப்புகள் 6 வோல்ட். டீசலைக் கிளப்ப 12 வோல்ட் ஸ்டார்ட்டர் வேண்டும், ஆகவே வயரிங் முழுக்க மாற வேண்டும். மழைத்துடைப்பான் விஷயம் வேடிக்கை அல்ல, ஆபத்து. வேக்குவம் வைப்பர் வைத்த பழைய வண்டிகளில் அது பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சலில்தான் ஓடும். டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. நவம்பர் மூடுபனியில் கண்ணாடி துடைக்க வழியில்லாமல் வளைவிறங்குகிற வண்டியை எந்த மனசாட்சியோடு கொடுப்பது? மின்சார வைப்பர் மாட்டாமல் எங்கள் பட்டறையிலிருந்து வண்டி வெளியே போகாது.

இந்தத் தொழிலின் இன்னொரு கிளை கோயம்புத்தூரில் முளைத்தது. அதை நான் இதே வரலாற்றில்தான் சேர்ப்பேன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954இல் பிறந்த எஸ். கரிவரதன் பந்தய ஓட்டுநர், பந்தயக் கார் செய்பவர். அந்தக் காலத்தில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம். போர்க்கால விமான ஓடுபாதையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்யக் காசுள்ளவர்களுக்கே அது சாத்தியம். அது உடைந்தால் உதிரிப் பாகம் கிடைக்காது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எந்த ஊரிலும் உதிரிப் பாகம். கரிவரதன் இந்த எஞ்சினையும் கியர் பாக்ஸையும் எடுத்து, குழாய்ச் சட்டத்தால் ஆன ஒற்றை இருக்கைக் காரில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது அப்படித்தான்.

எஞ்சினைப் பின்னால் வைத்தது அழகுக்காக அல்ல. கனம் நடுவில் இருந்தால் கார் சட்டென்று திரும்பும், பின்சக்கரம் தரையைக் கவ்வும். இதை உலகத்துக்குக் காட்டியவர்களும் ஒரு சிறு பட்டறைக்காரர்கள்தான். இங்கிலாந்தில் கூப்பர் தந்தையும் மகனும் 1946இல், ஃபியட் சிறுகார்களின் இரண்டு முன்பகுதிகளை முதுகோடு முதுகாக ஒட்டி, மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துச் செயினால் ஓட்டினார்கள். 1958இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரிக்ஸை அவர்கள் கார் வென்றது. 1959, 1960 இரு ஆண்டுகளும் ஜாக் பிராபமை உலக சாம்பியன் ஆக்கியது. அதன் பின் முன்பக்க எஞ்சின் பந்தயக் கார் எடுபடவில்லை.

முன்சக்கரத்தை இழுக்கும் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1966இல் லோட்டஸ் கம்பெனி யூரோப்பா என்ற காரைச் செய்தது. ரெனோ 16இன் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் எடுத்து, முழுக்கத் திருப்பிப் பின்னால் வைத்தார்கள். திருப்பியதும் சக்கரம் சுழலும் திசையும் தலைகீழாகிவிடும். அப்படியே விட்டால் காருக்கு நாலு ரிவர்ஸ், ஒரு முன் கியர். ஆகவே கிரவுன் வீலை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி அமைத்தார்கள். 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9இல் இந்தத் தொல்லை இல்லை. ஃபியட் 128இல் குறுக்காகப் படுத்திருந்த எஞ்சினைத் திருப்பாமல் அப்படியே பின்னுக்கு நகர்த்தினார்கள். எஞ்சின் அச்சுக்கு முன்னால் வந்து விழுந்தது, திசையும் மாறவில்லை. மாருதி 800 எஞ்சினும் குறுக்கே படுத்ததுதான். கரிவரதன் தேர்ந்தெடுத்த எஞ்சின் மலிவானது மட்டுமல்ல, இடம் மாற்ற வசதியானதும்கூட.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் ஒரு ஃபார்முலா மாருதியின் பின்மூடியைத் திறந்து வைத்திருந்தபோது நான் குனிந்து பார்த்தது மவுண்டிங்கைத்தான். ஜீப்பின் கணக்கு அங்கே செல்லாது. ஜீப்பில் கடைசிப் பல்சக்கர விகிதம் அச்சில் இருக்கிறது, அதன் எதிர்விசையை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். இங்கே எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டி. முதல் கியரில் முறுக்குவிசை சுமார் 15 மடங்காகிறது. எஞ்சின் கொடுப்பது 6 கிலோகிராம்-மீட்டர் என்றால், 90 அளவு எதிர்விசை அந்தக் கட்டியையே பின்னால் மல்லாக்கப் பார்க்கும். தெருவில் ஓடும் காரில் மெத்தென்ற ரப்பர் வைத்து இதைச் சமாளிப்பார்கள். பந்தயக் காரில் கட்டி அசைந்தால் கியர் மாற்றும் தண்டும் அசையும். அதுவோ ஓட்டுநரின் கையிலிருந்து எஞ்சினைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிற நீண்ட தண்டு. சிறு அசைவும் கியரைத் தவறவிடும். அதனால் கடினமான தாங்கலும், புரளாமல் பிடிக்கும் ஒரு கட்டுத்தண்டும் வேண்டும். தண்ணீர்க் குழாய்களும் முன்னாலிருக்கும் ரேடியேட்டர் வரை நீளமாக ஓடும். மேடான இடத்தில் காற்று அடைத்தால் எஞ்சின் வெந்துபோகும். காற்றை வெளியேற்ற உச்சியில் ஒரு திருகு வைத்தே ஆக வேண்டும். எங்கள் ஜீப்பின் கம்பி வடம் செய்த வேலையைத்தான் அந்தக் கட்டுத்தண்டு செய்கிறது என்று கண்டபோது, மேஸ்திரியை அங்கே கூட்டிவந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கருண் சந்தோக்கும் அதே காரிலிருந்து மேலே போனவர்தான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் திடலுக்குக் கரிவரதன் நினைவாகக் கரி என்று பெயர்.

எங்கள் மலையில் நடு எஞ்சின் வண்டி இல்லையா என்று இளைஞர்கள் கேட்பார்கள். இருக்கிறது, சந்தை நாளில் நிறைய ஓடுகிறது. மாருதி ஆம்னியின் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் படுத்திருக்கிறது. அதே 796 சி.சி., இழுப்பது பின்சக்கரம். காப்பி மூட்டையும் மிளகும் ஏற்றிக்கொண்டு அது மேடேறுவதை மதிப்போடுதான் பார்க்கிறேன்.

சாலையில் ஓடும் வண்டியில் எஞ்சின் மாற்றும் தொழில் இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2000இல் வந்த திருத்தம் அதை இறுக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். டயல் கேஜ் பார்க்காமல், பிரேக்கை மாற்றாமல், எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்ட வண்டிகள் வளைவுகளில் என்ன ஆயின என்பதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் தடை வந்ததோடு, சரியாகச் செய்தவர்களின் அறிவும் சேர்ந்து போகக்கூடாது.

ஆகவே எஸ்டேட் வைத்திருப்பவர்களிடமும் பழைய பட்டறைக்காரர்களின் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் கொட்டகையில் பழைய ஜீப் இருந்தால், ஃபார்முலா மாருதியின் எலும்புக்கூடு எங்காவது கிடந்தால், பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்கும் முன் அடாப்டர் பிளேட்டையும் பிராக்கெட்டுகளையும் கழற்றி எடுத்து வையுங்கள். எந்தச் சேசிஸ், எந்த எஞ்சின், எந்த ஆண்டு, யார் கடைந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சேலத்திலும் ஏற்காட்டிலும் தொழிற்பயிற்சி மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிடித்துப் பார்க்கட்டும்.